தெப்பக்கட்டை வைத்த பியட்

இடது சக்கரம் மேட்டில் ஏறினால் வண்டி வலது பக்கம் பாய்ந்தது. வலது சக்கரம் ஏறினால் இடது பக்கம் பாய்ந்தது. தார் ரோட்டில் கையை எடுத்துவிட்டாலும் நேராகப் போகிற வண்டி, காய்ந்து கிடந்த ஆலடியேந்தல் கண்மாய்க்குள் இறங்கியதும் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. மூன்று நாளாகியும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

ஒரு சக்கரம் மண்மேட்டில் முட்டினால் அந்தப் பக்கம் தடைபடும். வண்டியும் அந்தப் பக்கமாகத்தான் இழுக்கும். இது எதிர்ப்பக்கம் இழுத்தது. டயரில் காற்றைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஸ்டியரிங் பாக்ஸைத் திறந்து பார்த்து மூடினேன். முன்சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்து அளந்தேன். துளிப் பிசகு இல்லை. நிற்கும்போது ஒரு குற்றமும் சொல்ல முடியாத வண்டி அது.

பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் சமாளிக்கலாம். முப்பதைத் தொட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. எனக்கு முப்பது வேண்டும். ஓடுகிற ஆள் எட்டிப் பிடிக்க முடியாத வேகம் அது. அது இல்லையென்றால் முருகேஸ்வரி மதினி கோர்ட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

மதினியின் புருசன் சங்கையாவைப் போன வருசம், 1990இல், கண்மாய்க் கரையில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். மீன் ஏலத்தில் சங்கையா எடுத்த கண்மாய் தனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று பங்காளி காளீஸ்வரனுக்குக் கோபம். வெட்டு விழுந்தபோது தூக்குச்சட்டியோடு பக்கத்தில் நின்றவர் மதினி ஒருத்திதான். அவர் குறுக்கே விழுந்தார். அவருடைய இடது முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நரம்பை அரிவாள் அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் சுவரைப் பிடித்துத்தான் நாலடி வைக்க முடியும்.

காளீஸ்வரன் ஜாமீனில் வந்துவிட்டான். மதினி இருக்கும் ஆலடியேந்தலில் இருந்து வெளியே வரும் மண்பாதை அவன் தெரு வழியாகப் போகிறது. கருவேல முள்ளை வண்டி வண்டியாக வெட்டிப் போட்டு அந்தப் பாதையை அடைத்தான். காய்ந்த கண்மாய்க்குள் இறங்கித் தார் ரோட்டில் ஏறுவதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. முதல் வாய்தாவுக்குப் போலீஸ் ஜீப் வரும் என்றார்கள், வரவில்லை. இரண்டாவது வாய்தாவுக்கு மதினியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கண்மாய்க்குள் விட்டார்கள். காளீஸ்வரனின் ஆட்கள் ஓடி வந்து வளைத்து, இரண்டு மாட்டுக்கும் பின்னங்கால் நரம்பை அறுத்தார்கள். மாடுகள் முன்னங்காலால் எழ முயன்று எழ முயன்று விழுந்ததை மதினி வண்டியில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறார். “அடுத்த தடவை உனக்கு இன்னொரு காலு” என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவது வாய்தா ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கும் வரவில்லையென்றால் சாட்சி இல்லை என்று எழுதிவிடுவார்கள். காளீஸ்வரன் விடுதலையாகிவிடுவான்.

சங்கையாவின் தம்பி இருளப்பசாமி திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கிறான். நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். அவனிடம் ஒரு பழைய பியட் இருந்தது. அருப்புக்கோட்டையில் என் கார் ரிப்பேர் செட்டுக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ஏலே பால்ச்சாமி, இது கண்மாய்க்குள்ள போகணும். ஓடணும். முடியுமா?”

“ஜீப்பு வாங்குறதுதானலே.”

“உங்க அப்பன் வச்சிருக்காரா ஜீப்பு? இருக்கிறத வச்சுச் செய்யி.”

காய்ந்த கண்மாய் என்றால் மைதானம் மாதிரி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். மீன் பிடிக்கக் கட்டிய சின்ன வரப்புகள் குறுக்கே ஓடும். வெட்டிய கருவேலத்தின் கட்டை முழ உயரத்துக்கு நிற்கும். பியட்டின் அடிவயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முதல் வரப்பிலேயே உடையும். ஆகவே முதல் வேலை வண்டியை உயர்த்துவது.

பின்பக்கம் சுலபம். பியட்டுக்குப் பின்னால் லாரி மாதிரியே பட்டை ஸ்பிரிங்தான். இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து, பட்டையின் பின்முனையைத் தாங்கும் சாக்கிளை நீளமாக்கினேன். முன்பக்கம் வேறு மாதிரி. அங்கே சுருள் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, கீழ்க் கை எல்லாம் ஒரு குறுக்கு இரும்பில் மாட்டியிருக்கும். அந்தக் குறுக்கு இரும்பு போல்ட்டு போட்டு பாடியின் அடியில் தொங்கும்.

என் அப்பா வண்டிப்பட்டறைக்காரர். மாட்டுவண்டியை உயர்த்த வேண்டுமென்றால் அச்சுக்கும் வண்டியின் தளத்துக்கும் நடுவே இருக்கும் தெப்பக்கட்டையைக் கனமாக்குவார். அவ்வளவுதான் வேலை. நானும் அதையே செய்தேன். குறுக்கு இரும்புக்கும் பாடிக்கும் நடுவே இரண்டரை அங்குல இரும்புக் கட்டைகளை வைத்து, நீளமான போல்ட்டால் இறுக்கினேன். அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சேனல் இரும்பை வைத்துச் சட்டம் கட்டினேன். எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே கால் அங்குலத் தகடு கொடுத்தேன். வண்டி கோழி மாதிரி கால் தூக்கி நின்றது. எனக்கு ரொம்பப் பெருமை.

அதற்குப் பிறகுதான் அது மேட்டுக்கு மேடு எதிர்ப்பக்கம் பாய ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் தார் ரோட்டுப் பக்கமாகக் கண்மாய்க்குள் இறங்கி மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் இருளப்பசாமி. முப்பதைத் தொட்டபோது இடது சக்கரம் ஒரு வரப்பில் ஏறியது. ஸ்டியரிங் என் கையில் அசையவே இல்லை. ஆனால் வண்டி வலது பக்கம் வெட்டிக்கொண்டு போய் ஒரு கருவேலங்கட்டையில் மோதி நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

கரைமேல் யாரோ கை தட்டினார்கள்.

நான்கு பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் அருஞ்சுனை, காளீஸ்வரனின் மச்சினன். கையில் அரிவாள். மற்ற மூவரிடமும் கம்பு. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது.

“என்னலே இது, காரா கரகாட்டமா?” என்றான் அருஞ்சுனை.

இருளப்பசாமி ஜாக்கிக் கம்பியோடு இறங்கினான். முதலில் நெருங்கிய கம்புக்காரனின் தோளில் ஒன்று போட்டான். அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது வீச்சுக்குள் ஒரு கம்பு இருளப்பசாமியின் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த விறகை முறித்தது போலக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அதே கையில் இன்னும் இரண்டு அடி விழுந்தது.

“பால்ச்சாமி, ஓடுலே!”

எங்கே ஓடுவது? என்னைக் கதவு வழியாக முடியைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் மிதி விழுந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. அருஞ்சுனை என் கன்னத்தில் செருப்புக் காலை வைத்து அழுத்தி முகத்தைப் புழுதியில் பதித்தான். வாய்க்குள் மண்ணும் ரத்தமும் கலந்து உப்புக் கரித்தது. என்னால் அசைய முடியவில்லை. கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வண்டியின் வலது முன்சக்கரம்.

மற்ற இருவரும் பானட்டின் மேல் ஏறிக் குதித்தார்கள். கம்பால் முன்கண்ணாடியை அடித்தார்கள். சில்லு என் கழுத்தில் விழுந்தது. அவர்கள் குதிக்கக் குதிக்க வண்டியின் மூக்கு அமுங்கி எழுந்தது.

அமுங்கும்போது சக்கரம் திரும்பியது.

உள்ளே யாருமில்லை. ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு குதிப்புக்கும் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே ஒடுங்கியது, பிறகு பழைய இடத்துக்கு வந்தது. டயர் புழுதியில் சின்னதாக ஒரு பிறையைக் கீறியது. நான் கண்ணை மட்டும் உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். டை ராடு என்று ஒரு கம்பி இருக்கிறது. பாடியில் இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். மட்டமாகக் கிடக்க வேண்டிய அந்தக் கம்பி, கூரை ஓரம் போலச் சக்கரத்தை நோக்கிச் சரிந்து கிடந்தது. பாடி அமுங்கியபோது கம்பி மட்டமாகி, சக்கரத்தின் பின்பக்கத்தை வெளியே தள்ளியது.

அவ்வளவு அடியிலும் நான் சிரித்திருக்கிறேன்.

“சிரிக்கிறாம்லே இவன்!” அருஞ்சுனை அரிவாளின் பின்புறத்தால் என் காதோரம் அடித்தான். வெயில் ஒரு நிமிசம் கறுத்துப் போய்த் திரும்பி வந்தது.

கம்பு வைத்திருந்தவன் ஒருத்தன், “வண்டியக் கொளுத்திருவமா?” என்று கேட்டான்.

“எதுக்கு? விடு, கெடக்கட்டும்” என்றான் அருஞ்சுனை. “மாட்டுக்காவது நாம நரம்ப அறுக்க வேண்டியிருந்துச்சு. இதுல அவள ஏத்திட்டு வரட்டும். இதுவே வழியில இருக்குற கெணத்துல கொண்டுபோயித் தள்ளிரும். நமக்குக் கேசும் இல்ல.”

சிரித்துக்கொண்டே கரையேறிப் போனார்கள்.

நான் தவழ்ந்து இருளப்பசாமியிடம் போனேன். அவன் கை முழங்கைக்குக் கீழே தவறான இடத்தில் மடிந்திருந்தது.

“தெரிஞ்சுபோச்சுலே” என்றேன்.

“என்ன தெரிஞ்சுச்சு?”

“ஏன் திரும்புதுன்னு.”

“கிறுக்குப்பயலே, என் கையப் பாருடா.”

அவனை ஏற்றிக்கொண்டு கண்ணாடி இல்லாத வண்டியை ஊர்ந்தே ரோட்டுக்கு ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குச்சியை வைத்து யோசித்தேன்.

நீங்களும் ஒரு குச்சியை எடுத்துச் செய்து பார்க்கலாம். ஒரு முனையைச் சுவரில் ஒரு இடத்தில் ஊன்றி, மறுமுனையைக் கீழே சரித்துப் பிடியுங்கள். இப்போது கீழ்முனையை மெல்ல மேலே தூக்குங்கள். குச்சி மட்டமாகும்வரை அந்த முனை சுவரை விட்டு விலகிப் போகும். முதலிலேயே மட்டமாகப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆட்டினால் முனை விலகுவது கண்ணுக்கே தெரியாது. பியட்டைச் செய்தவர்கள் டை ராடை மட்டமாக வைத்தது அதற்காகத்தான்; சக்கரம் பள்ளம் மேடு ஏறினாலும் திசை மாறாது. நான் கட்டை வைத்தபோது பாடியும் அதில் இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸும் இரண்டரை அங்குலம் மேலே போய்விட்டன. சக்கரமும் அதன் கைகளும் கீழேயே நின்றுவிட்டன. கம்பி சரிந்துவிட்டது. இடது சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி அதன் பின்பக்கத்தைக் கால் அங்குலம் வெளியே தள்ளும். முன்பக்கம் வலப்புறம் திரும்பும். வண்டி வலது பக்கம் பாயும்.

மாட்டுவண்டிக்குத் தெப்பக்கட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தத் தொல்லை வராது. வண்டித் தளத்துக்கும் சக்கரத்தின் திசைக்கும் அங்கே தொடர்பே கிடையாது. திருப்புவது மாடு. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

கட்டையை எடுத்துவிட்டால் எண்ணெய்த் தொட்டி வரப்பில் உடையும். ஸ்டியரிங் பாக்ஸை இறக்கிக் கட்டினால் அதன் தண்டு எஞ்சினில் இடிக்கும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேத்துப் பட்டறை சின்னச்சாமி அண்ணனை வீட்டிலிருந்து இழுத்து வந்தேன். மோதிரம் போல இரண்டு இரும்பு வளையம், துளை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “இந்த மூஞ்சியோட வந்து கேக்குற, மாட்டேன்னா சொல்ல முடியும்?” என்று மோட்டாரைப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தார் ரோட்டிலிருந்து கண்மாய்க்குள் இறங்கினேன். இருளப்பசாமி பக்கத்தில், கட்டுப் போட்ட கையோடு. முன்கண்ணாடி இருந்த இடத்தில் காற்று. முதல் வரப்பு வந்தது. ஆக்சிலேட்டரை விடவில்லை. இடது சக்கரம் ஏறியது, இறங்கியது. வண்டி நேராகப் போனது. இருளப்பசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கண்மாயைத் தாண்டி வீட்டுக்குப் பின்னால் கொல்லைக்குள் நிறுத்தினேன். மதினி ஏற்கெனவே சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்சுவரில் உட்கார்ந்திருந்தார். யாரையும் தூக்க விடவில்லை. கையை ஊன்றித் தானே பின்சீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். மடியில் ஒரு உலக்கை.

“உலக்க எதுக்கு மதினி?” என்றேன்.

“நீ ஓட்டு தம்பி. ஒவ்வொருத்தருக்கு ஒரு வேல.”

திரும்பும்போது காளீஸ்வரன் காவல் நிறுத்தியிருந்தவன் விசிலடித்துவிட்டான். கண்மாய்க்கு நடுவே எட்டுப் பேர் பரவி நின்றார்கள். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் அருஞ்சுனை. அவனுக்குப் பின்னால் காளீஸ்வரனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்களுக்கு அவசரமில்லை. வண்டி தானாகக் கவிழும் என்று காத்திருந்தார்கள். வலது பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. அதை ஒட்டித்தான் வழி. இடது பக்கம் கிணற்றுமேட்டின் வரப்பு. இடது சக்கரம் அதில் ஏறாமல் கிணற்றைக் கடக்க முடியாது. ஏறினால் போன சனிக்கிழமை வரை வண்டி வலது பக்கம் பாய்ந்து கிணற்றுக்குள் போயிருக்கும்.

முப்பத்தைந்து. வரப்பு வந்தது. சக்கரம் ஏறியதில் என் தலை கூரையில் இடித்தது. வலது ஜன்னலுக்குக் கீழே கிணற்றின் இருட்டு போனது. நான் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தேன். அதுவும் அசையவில்லை.

அவர்கள் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கல் வந்தது. ஒன்று இருளப்பசாமியின் தாடையில். கம்போடு ஓடி வந்தவனை முன்மூலை இடித்துத் தள்ளியது. ஒருவன் பின்கதவில் தொற்றிக்கொண்டு உள்ளே கையை விட்டு மதினியின் முடியைப் பிடித்தான். உலக்கை அவன் விரல்களில் கதவுச் சட்டத்தோடு சேர்த்து இறங்கியது. மூன்று தடவை. மூன்றாவதில் கை காணாமல் போனது.

அருஞ்சுனை வலது பக்கமாக வந்து சேர்ந்தான். ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் அரிவாள். என் முன்கையில் வெட்டினான். வலி உடனே தெரியவில்லை. சட்டை கிழிந்ததாகத்தான் நினைத்தேன். பிறகு ஸ்டியரிங் வழுக்கியது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினான். எனக்கு முன்னால் ஒரு மேடு. அதை ஒதுக்கலாம். ஒதுக்கவில்லை. வலது சக்கரத்தை அதன்மேல் ஏற்றி அப்படியே நேராகப் போனேன். வண்டி இடப்புறம் பாயும் என்று எதிர்பார்த்து அவன் நெருங்கி வந்தான். வண்டி விலகவில்லை. பக்கவாட்டில் இடித்து ராஜ்தூத்தோடு சரிந்தான். பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. அவன் அலறினான். இரண்டு கால்களும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

தார் ரோட்டில் ஏறியதும் மதினி தன் சேலை முந்தானையைக் கிழித்து முன்சீட்டுக்கு மேலாக எட்டி என் கையைக் கட்டினார்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில் நின்றோம். காளீஸ்வரன் பதினொன்றரைக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தான், வேட்டியெல்லாம் கண்மாய்ப் புழுதி. கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மதினி ஒற்றைக் காலில் நின்றார். உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். யார் வெட்டியது என்று வக்கீல் கேட்டார். “அந்தா நிக்கான், காளீஸ்வரன். மொத வெட்டு கழுத்துல. ரெண்டாவது வெட்டு தோள்ல. மூணாவதுக்கு நான் குறுக்க விழுந்தேன்” என்றார். நடுக்கம் இல்லாத குரல். எழுதிக்கொண்டார்கள். மாலை நாலு மணிவரை குறுக்குக் கேள்வி கேட்டும் அதிலிருந்து ஒரு வார்த்தை மாறவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் இருளப்பசாமி வீங்கின தாடையோடு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, உண்மையச் சொல்லு. அந்த ரெண்டு மோதிரத்த வச்சு என்ன செஞ்ச?”

காட்டினேன். சக்கரத்தோடு சேர்ந்த இரும்புக் கையின் துளையில் டை ராடின் கூம்பு முனை முதலில் கீழிருந்து மேலாக மாட்டியிருந்தது. துளை கீழே அகலம், மேலே ஒடுக்கம். அதைப் பெரிதாகக் கடைந்து, சின்னச்சாமி அண்ணனின் வளையத்தை அகலமான பக்கம் மேலே வரும்படி இறுக்கி அடித்தேன். வெல்டு வைக்கவில்லை; சூட்டில் அந்தக் கை வலுவிழக்கும். பிறகு டை ராடின் முனையை மேலிருந்து கீழாக மாட்டி நட்டை முறுக்கி, அது கழலாதபடி பூட்டு ஊசி போட்டேன். இரண்டு பக்கமும் அப்படியே. முனை இரண்டரை அங்குலம் உயர்ந்தது. கட்டை உயர்த்தியதும் அதே இரண்டரை. கம்பி மறுபடியும் மட்டமாயிற்று; சக்கரம் மேட்டில் ஏறினாலும் திரும்புவதில்லை.